தோசைக்கல்லில் தொடங்கலாம் மெக்சிகோ சமையல்: புதிதாகச் செய்து பார்ப்பவர்களுக்கு

மெக்சிகோ உணவு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வளைந்த மொறுமொறு டாக்கோ ஓடு, சிப்ஸ் மேல் ஊற்றிய மஞ்சள் சீஸ், பாட்டிலில் வரும் இனிப்பான தக்காளி சாஸ். இவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் வளர்ந்த சமையல். சிப்ஸ் மேல் சீஸ் போட்ட நாச்சோ கூட, 1940களில் மெக்சிகோவின் எல்லையோர ஊரான பியெத்ராஸ் நெக்ராஸில் இக்னாசியோ அனாயா என்பவர் எல்லை தாண்டி வந்த விருந்தாளிகளுக்காகக் கையில் இருந்ததை வைத்து அவசரமாகச் செய்து கொடுத்த தின்பண்டம். சாப்பிட நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் மெக்சிகோ வீட்டுச் சமையல் பிடிபடாது.

மெக்சிகோ வீடுகளில் அன்றாடம் அடுப்பில் இருப்பது மூன்று: சட்னி போலச் சுட்டு அரைத்த சல்சா, குழைய வெந்த பீன்ஸ், சப்பாத்தி போன்ற மெல்லிய ரொட்டியான டோர்ட்டியா சுடச்சுட. 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் முன்னால் நின்றது மக்காச்சோளமும் பீன்ஸும் மிளகாயும் கொண்ட இந்தச் சமையல்தான். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் டாக்கோ, கேசடியா, சிலாகிலெஸ் என்று மற்றதெல்லாம் இவற்றை விதவிதமாகச் சேர்ப்பதுதான். அதனால் இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகிறது. முதல் நாளே பத்துப் பலகாரம் செய்ய முயலாமல், சல்சாவை மட்டும் ஒரு தடவை நன்றாகச் செய்து பாருங்கள்.

கடைக்குப் போகும் முன்

தக்காளி, பெரிய வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை, ராஜ்மா, மைதா, மொசரெல்லா சீஸ். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். "டாக்கோ மசாலா" என்று விற்கும் பாக்கெட்டை விட்டுவிடுங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது மிளகாய்த்தூள், சீரகம், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் ஸ்டார்ச். மெக்சிகோ வீட்டுச் சமையலில் சீரகம் ஒரு சிட்டிகைதான் விழும். அதை அள்ளிப் போட்டால் எல்லாமே ஒரே சுவையாகிவிடும். கரம் மசாலாவும் மல்லித்தூளும் இந்தக் கட்டுரையின் குறிப்புகளில் எங்கேயும் வராது. கை தானாக மசாலா டப்பாவுக்குப் போனால் நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே மணம் சுடுவதிலிருந்து வருகிறது.

எலுமிச்சையில் நமக்குக் கவலையே இல்லை. மெக்சிகோவில் எல்லாவற்றின் மேலும் பிழியும் அந்தச் சின்ன எலுமிச்சையும் நம் நாட்டு எலுமிச்சையும் ஒரே இனம். மிளகாயில்தான் கவனம் தேவை. ஹாலபெனோ என்ற மெக்சிகோ மிளகாய் சதைப்பிடிப்பானது, காரம் குறைவு. நம் பச்சை மிளகாய் மெல்லியது, காரம் அதிகம். சமையல் குறிப்பில் 3 ஹாலபெனோ என்று இருந்தால் 1 பச்சை மிளகாயும், சதைக்காக ஒரு பஜ்ஜி மிளகாயும் போடுங்கள். பொப்லானோ என்ற பெரிய மிளகாய் கேட்கும் இடங்களில் பஜ்ஜி மிளகாயும் குடைமிளகாயும் பாதிப் பாதி.

காய்ந்த மிளகாயில் அங்கே ஏகப்பட்ட வகை. அதிகம் புழங்குபவை குவாஹியோவும் ஆஞ்சோவும். ஆஞ்சோ என்பது பொப்லானோவைப் பழுக்கவிட்டுக் காயவைத்தது. இரண்டுமே நிறமும் மணமும் தருபவை, காரம் மிதம். இவற்றுக்குப் பதில் காஷ்மீரி மிளகாயோ பியாடகி மிளகாயோ நன்றாகவே பொருந்தும். நம் குண்டு மிளகாய் வேண்டாம், காரம் தூக்கிவிடும்.

சீஸ் இரண்டு விதமாக வேண்டியிருக்கும். உருகுவதற்கு மொசரெல்லா. வஹாக்கா மாநிலத்தின் கேசியோ என்ற இழைச் சீஸும் மொசரெல்லா போலவே இழுத்துத் திரட்டிச் செய்வது. மேலே தூவுவதற்குப் பனீரைக் கையால் உதிர்த்து, உப்பும் நாலு சொட்டு எலுமிச்சையும் கலந்துவிடுங்கள். அங்கே தூவும் கேசோ ஃபிரெஸ்கோவுக்கு இதுதான் அருகில் வரும். புளிப்புக் க்ரீமுக்கு, ஒரு கப் ஃபிரெஷ் க்ரீமில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிரைக் கலந்து இரண்டு மணி நேரம் வைத்தால் போதும்.

மாவு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மக்காச்சோள டோர்ட்டியாவுக்கு வேண்டியது மாசா ஹரினா என்ற தனி மாவு. பெரிய கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும். சூப் கெட்டியாக்கப் பயன்படுத்தும் வெள்ளைக் கார்ன்ஃபிளவர் வெறும் ஸ்டார்ச். அதில் டோர்ட்டியா வராது. வெள்ளைச் சோள மாவும் ஆகாது, அது வேறு தானியம். வடஇந்தியக் கடைகளில் கிடைக்கும் மக்கி ஆட்டா மக்காச்சோளம்தான் என்றாலும் தட்டும்போதே விண்டு போகும். காரணத்தை டோர்ட்டியா பகுதியில் சொல்கிறேன்.

சல்சா: எல்லாவற்றுக்கும் அடிப்படை

மெக்சிகோ சமையலறையில் கோமால் என்று ஒரு தட்டைக் கல் இருக்கும். மண்ணிலும் இரும்பிலும் செய்வார்கள். டோர்ட்டியா சுடுவதும் தக்காளி, மிளகாய், பூண்டு சுடுவதும் இதில்தான். நம் வீட்டுத் தோசைக்கல் அந்த வேலையை அப்படியே செய்யும். ஒரே ஒரு சங்கதி: தக்காளியின் புளிப்பு, பழகிய இரும்புக் கல்லின் எண்ணெய்ப் பூச்சைத் தின்றுவிடும். அதனால் தினம் தோசை வார்க்கும் கல்லை எடுக்காதீர்கள். பழைய கல் அல்லது சப்பாத்திக் கல் இருந்தால் அதுதான் சரி. நான்ஸ்டிக் கல்லும் வேண்டாம். எண்ணெய் இல்லாமல் அதிகச் சூட்டில் வெறுமையாகக் காய வைக்கக் கூடாத பாத்திரம் அது.

தேவையானவை: நடுத்தரத் தக்காளி 4, பெரிய வெங்காயம் பாதி, தோலோடு பூண்டு 3 பல், பச்சை மிளகாய் 1 அல்லது 2, பஜ்ஜி மிளகாய் 1, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, முக்கால் தேக்கரண்டி உப்பு. தக்காளி சதைப்பற்றான பெங்களூர்த் தக்காளியாக இருக்கட்டும். அரை எலுமிச்சை பிழிந்தால் புளிப்பு சரியாகிவிடும். நாட்டுத் தக்காளிதான் இருக்கிறது என்றால் எலுமிச்சை தேவையில்லை, நீர் விடுவதால் சல்சா மட்டும் கொஞ்சம் இளகலாக இருக்கும்.

கல்லை நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். முழுத் தக்காளியை வைத்து, வெங்காயத்தைத் தடித்த வில்லைகளாக வெட்டி அருகில் போடுங்கள். பூண்டைத் தோலோடு வையுங்கள், தோல்தான் அதைக் கருகாமல் காக்கும். மிளகாயில் கத்தி முனையால் ஒரு கீறல் போடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். மிளகாய் 4 நிமிடத்தில் ஆகிவிடும். வெங்காயம் பக்கத்துக்கு 4 நிமிடம். பூண்டு 8 நிமிடத்தில் அமுக்கினால் அமுங்கும். தக்காளிக்குத்தான் பொறுமை வேண்டும்: திருப்பித் திருப்பி 12 முதல் 15 நிமிடம். தோல் அங்கங்கே கருத்து வெடித்து, உள்ளே குழைந்து, சாறு கல்லில் சொட்டிச் சுர்ரென்று வற்றும். பாதி வெந்த தக்காளியை அரைத்தால் பச்சை வாசனைதான் வரும். அந்தக் கரும்புள்ளிகளைக் கழுவி எடுத்துவிடாதீர்கள், அவையும் சேர்ந்ததுதான் சல்சா.

மெக்சிகோவில் இதை அரைப்பது மோல்கஹேத்தே என்ற மூன்று கால் எரிமலைக்கல் உரலில். உங்களிடம் அம்மியோ கல் உரலோ இருந்தால் கட்டாயம் அதில் செய்யுங்கள். முதலில் பூண்டும் உப்பும், அடுத்து மிளகாய், அப்புறம் வெங்காயம், கடைசியில் தக்காளி. இந்த வரிசையில் போட்டால் பூண்டு விழுதாகிவிடும், தக்காளி கொரகொரப்பாக நிற்கும். மிக்ஸி என்றால் எல்லாம் ஆறும்வரை காத்திருங்கள். சூடாக மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளும். விட்டு விட்டு நாலைந்து சுற்று, அவ்வளவுதான். மையாக அரைத்தால் சல்சா போய் தக்காளிச் சாறாகிவிடும். கொத்தமல்லியை நறுக்கிக் கடைசியில் கலக்குங்கள், அரைக்க வேண்டாம். குளிர்பெட்டியில் நாலு நாள் தாங்கும்.

இதிலிருந்தே இன்னொன்று பிறக்கிறது. வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவைத்து, இந்தச் சல்சாவை ஊற்றி 5 நிமிடம் சுருளவிட்டால் நிறமும் சுவையும் அடர்ந்துவிடும். முட்டை, டோர்ட்டியா, கோழி எதை நனைப்பதற்கும் இந்தச் சுருண்ட சல்சாதான் ஏற்றது. கீழே "சமைத்த சல்சா" என்று சொல்வது இதைத்தான்.

பச்சைச் சல்சா என்று ஒன்றும் உண்டு. அதற்கு டொமாட்டியோ என்ற, காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும் பச்சைப் பழம் வேண்டும். நம் ஊர் வரப்பில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளிக்கு அது உறவுக்காரச் செடி. ஆனால் சல்சா அளவுக்கு அது கிடைக்காது. புளிப்பான தக்காளிக்காயையும் பஜ்ஜி மிளகாயையும் சுட்டுச் செய்யலாம். சுவை வேறுதான், மோசமில்லை.

அடுப்பே மூட்டாமல் செய்வது பீக்கோ தே காயோ. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, எலுமிச்சையும் உப்பும் சேர்த்து 10 நிமிடம் வைத்தால் முடிந்தது. தக்காளியின் விதைப் பகுதியை எடுத்துவிட்டால் நீர்த்துப் போகாது.

பீன்ஸ்: முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டியது

வடக்கு மெக்சிகோவில் புள்ளி போட்ட பிண்ட்டோ பீன்ஸ், வஹாக்கா, வெராக்ரூஸ் பக்கம் கறுப்புப் பீன்ஸ். நம்மிடம் கிடைக்கும் ராஜ்மாவும் இவையும் ஒரே செடியின் வெவ்வேறு வகைகள். புள்ளி போட்ட சித்ரா ராஜ்மா கிடைத்தால் அதையே வாங்குங்கள், தோல் மெல்லியது, சீக்கிரம் குழையும். தக்காளிச் சாஸில் இனிப்பாக டப்பாவில் வரும் பேக்டு பீன்ஸ் இதற்குக் கொஞ்சமும் பொருந்தாது.

ஒரு கப் ராஜ்மாவை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சை ராஜ்மாவில் வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும் லெக்டின் என்ற புரதம் உண்டு. நன்றாகக் கொதித்து வெந்தால் அது அழிந்துவிடும். அரைகுறையாக வெந்த ராஜ்மாவை ருசி பார்ப்பதும், கொதிக்கவே விடாமல் ஸ்லோ குக்கரில் போடுவதும் ஆபத்து. பிரஷர் குக்கரில் அந்தப் பயம் இல்லை. 4 கப் புதுத் தண்ணீர், பாதி வெங்காயம், 2 பல் பூண்டு, ஒரு பிரியாணி இலை, ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்து 5 விசில் விட்டு, தீயைக் குறைத்து 15 நிமிடம் வையுங்கள். ஆவி அடங்கியதும் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். வெண்ணெயாக நசுங்க வேண்டும். இப்போது உப்புப் போட்டு இன்னும் 10 நிமிடம் திறந்தபடி கொதிக்கட்டும். அந்தச் சாறு பொன் போன்றது, கீழே ஊற்றிவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் பீன்ஸையும் சாற்றையும் ஊற்றி, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, டோர்ட்டியாவோடு சாப்பிடுவது அங்கே முழுமையான ஒரு வேளைச் சாப்பாடு. ஃப்ரிஹோலெஸ் தெ லா ஒய்யா என்று பெயர்.

மிஞ்சியதை மறுநாள் மசித்து வதக்குவார்கள். வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பழுப்பாகும்வரை வதக்குங்கள். மெக்சிகோவில் பன்றிக் கொழுப்பு ஊற்றுவார்கள், எண்ணெயிலும் நன்றாக வரும். பீன்ஸைச் சாற்றோடு கரண்டி கரண்டியாக ஊற்றி, பருப்பு மத்தால் மசியுங்கள். கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி ஒரு கணம் தெரிந்து மறுபடி மூட வேண்டும். அதுதான் இறக்கும் பக்குவம். ஆறினால் இன்னும் இறுகும், அதனால் சற்று இளகலாக இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள்.

டோர்ட்டியா: கோதுமையில் தொடங்கி மக்காச்சோளத்துக்கு

முதல் தடவைக்குக் கோதுமை மாவு டோர்ட்டியாதான் எளிது. கோதுமையை ஸ்பானியர் கொண்டுவந்தார்கள். வறண்ட வடக்கு மாநிலங்களான சொனோராவிலும் சிவாவாவிலும் அது நிலைத்தது, அங்கே இன்றும் மாவு டோர்ட்டியாவுக்குத்தான் மவுசு. 2 கப் மைதா, அல்லது மைதாவும் கோதுமை மாவும் பாதிப் பாதி. அரைத் தேக்கரண்டி உப்பு. 4 மேசைக்கரண்டி வெண்ணெய் அல்லது எண்ணெய். முதலில் கொழுப்பை மாவில் விட்டு, விரல் நுனியால் பிசிறி, மாவு முழுக்க ஈரமணல் மாதிரி ஆக்குங்கள். அப்புறம் கை பொறுக்கும் அளவு சுடுதண்ணீர் முக்கால் கப் வரை, கொஞ்சம் கொஞ்சமாக. 5 நிமிடம் பிசைந்து, 8 உருண்டையாக்கி, ஈரத்துணி போட்டு 30 நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஓய்வு குறைந்தால் தேய்க்கும்போது மாவு பின்வாங்கிச் சுருங்கும். உள்ளங்கை நிழல் தெரியும் அளவு மெல்லிசாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த கல்லில் எண்ணெய் இல்லாமல் பக்கத்துக்கு 40 விநாடி. சப்பாத்திக்குச் செய்வது போலக் கரண்டியால் அழுத்தி அழுத்திச் சுடாதீர்கள், விறைத்துவிடும். எடுத்ததும் துணிக்குள் அடுக்கி மூடுங்கள்.

அடுத்தது மக்காச்சோளம். இதுதான் மெக்சிகோவின் உயிர். மக்காச்சோளத்தைச் சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் தெற்கு மெக்சிகோவில்தான் மனிதர்கள் ஒரு காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கினார்கள். அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது அதைச் சமைக்கக் கண்டுபிடித்த முறை. காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவி, ஈரமாக அரைக்கிறார்கள். 3000 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இந்த முறையில் பதப்படும் மக்காச்சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். சுண்ணாம்பு தோலைக் கரைக்கிறது, மாவு ஒட்டிப் பிசையும் தன்மையைத் தருகிறது, கால்சியம் சேர்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்காச்சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமினை உடலுக்குக் கிடைக்கும்படி திறந்துவிடுகிறது. மக்காச்சோளத்தை மட்டும் எடுத்துப் போய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட இடங்களில், அதையே முக்கிய உணவாகச் சாப்பிட்ட ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. 18, 19ஆம் நூற்றாண்டு இத்தாலியிலும், 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அது நடந்தது. மக்கி ஆட்டா விண்டு போவதற்குக் காரணமும் இதுதான்: அந்த மாவு சுண்ணாம்பைப் பார்த்ததில்லை. மாசா ஹரினா என்பது நிக்ஸ்டமாலை அரைத்துக் காயவைத்த மாவு.

2 கப் மாசா ஹரினா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து மூடி 20 நிமிடம் வையுங்கள். இப்போது ஒரு சோதனை: சிறு உருண்டையை விரலால் அமுக்குங்கள். ஓரம் விரிசல் விட்டால் தண்ணீர் போதவில்லை, இன்னும் ஒரு கரண்டி. கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம், மாவு தூவுங்கள். ஓரம் விரியாமலும் விரலில் ஒட்டாமலும் வந்தால் சரி. வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு இடத்தில்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பின்னால் வருந்துவதைவிட, சோதித்துச் சோதித்துச் சேருங்கள்.

எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து, கழுவிக் காயவைத்த இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, தட்டையான கனமான தட்டால் அமுக்குங்கள். இதற்கென்றே அங்கே அமுக்கும் கருவி உண்டு, நம் பூரி அமுக்கும் கருவியும் உதவும். மேல்தாளை உரித்து, கையில் கவிழ்த்து, கீழ்த்தாளை உரித்து, கல்லில் மெதுவாகக் கிடத்துங்கள். முதல் பக்கம் 20 விநாடி, திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பி 30 விநாடி. கடைசித் திருப்பலில் லேசாக உப்பும். உப்பவில்லை என்றாலும் தப்பில்லை. ஆனால் சுட்டவுடன் துணியில் சுற்றி 10 நிமிடம் வைப்பதை மட்டும் விடாதீர்கள். துணிக்குள் இருக்கும் ஆவிதான் அதை மடங்கும் பதத்துக்குக் கொண்டுவருகிறது. கல்லிலிருந்து எடுத்ததும் மடித்துப் பார்த்துவிட்டு, உடைகிறதே என்று பலர் கைவிடுவது இதனால்தான்.

மாசா ஹரினா கிடைக்காதவர்கள் மக்கி ஆட்டாவும் மைதாவும் சம அளவு கலந்து, சுடுதண்ணீரில் பிசைந்து தேய்க்கலாம். மணம் குறைவு, வேலை நடக்கும்.

இப்போது சமைக்கலாம்

முட்டையிலிருந்து தொடங்குங்கள். ஹுவேவோஸ் ஆ லா மெஹிகானா என்பது மெக்சிகோக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு மூன்றையும் மிளகாய், வெங்காயம், தக்காளியாகப் போட்டுக் கிளறிய முட்டை. எண்ணெயில் வெங்காயமும் மிளகாயும் 2 நிமிடம், தக்காளி 3 நிமிடம், அப்புறம் அடித்த முட்டை 4. மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் வேண்டாம். முட்டை ஈரமாக இருக்கும்போதே இறக்கி, டோர்ட்டியாவில் வைத்து, மசித்த பீன்ஸோடு சாப்பிடுங்கள். 10 நிமிடத்தில் காலைச் சாப்பாடு தயார்.

கேசடியாவுக்கு, டோர்ட்டியாவைக் கல்லில் போட்டு, பாதியில் துருவிய மொசரெல்லா வைத்து, மடித்து, மிதமான தீயில் பக்கத்துக்கு 2 நிமிடம். தீ அதிகமானால் வெளியே கருகும், சீஸ் உருகாது. உள்ளே வதக்கிய காளானோ பூசணிப்பூவோ வைக்கலாம். பூசணிப்பூ அங்கே மிகப் பிரியமான பூரணம். நம் ஊர்ப் பூசணிப்பூவின் நடுத்தண்டை எடுத்துவிட்டு, வெங்காயத்தோடு 3 நிமிடம் வதக்கினால் போதும். சீஸே இல்லாத கேசடியாவும் மெக்சிகோ நகரத்தில் விற்கிறது. சீஸ் வேண்டுமா என்று கேட்டுத்தான் வைப்பார்கள், அதைப் பற்றி அந்நாட்டிலேயே ஓயாத வாக்குவாதம் உண்டு.

டாக்கோவுக்கு நான் முதலில் சொல்வது திங்கா. புவெப்லா பக்கத்துச் சமையல். அரைக் கிலோ எலும்பில்லாத கோழியை உப்பும் பூண்டும் போட்டு 20 நிமிடம் வேகவைத்து, ஆறியதும் இழை இழையாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்கி வதக்கி, 2 கப் சமைத்த சல்சா ஊற்றி, கோழியைப் போட்டு, வெந்த தண்ணீரில் அரைக் கப் விட்டு 12 நிமிடம் சுண்டவிடுங்கள். உண்மையில் இதில் சிப்போட்லே என்ற புகைபோட்ட மிளகாய் சேரும். அந்தப் புகை மணத்துக்காக, சல்சாவுக்குச் சுடும்போது தக்காளியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கருக விடுங்கள். சைவத்துக்கு இதே முறையில் காளான், அல்லது உதிர வெந்த உருளைக்கிழங்கு.

இன்னும் அடர்த்தியான சுவை வேண்டுமென்றால் சிவப்பு மிளகாய்ச் சாஸ். 6 காஷ்மீரி மிளகாயின் விதையை நீக்கி, கல்லில் பக்கத்துக்கு 20 விநாடி மட்டும் வாட்டுங்கள். மணம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், கருத்தால் கசந்துவிடும். சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, சுட்ட தக்காளி 2, பூண்டு 2 பல், ஒரு கிராம்பு, ஒரு சிட்டிகை சீரகம், பீட்சாவுக்குத் தூவும் ஆரிகானோ அரைத் தேக்கரண்டி சேர்த்து மையாக அரைத்து வடிகட்டி, எண்ணெயில் 6 நிமிடம் சுருளவிடுங்கள். வறுத்த இறைச்சிக்கும் காளானுக்கும் இதைத் தடவலாம். டோர்ட்டியாவை இதில் முக்கி, உள்ளே கோழி வைத்துச் சுருட்டினால் அதுவே என்சிலாடா.

டாக்கோவைக் கட்டும்போது கையை அடக்குங்கள். ஒரு டோர்ட்டியாவுக்கு இரண்டு கரண்டி பூரணம், மேலே வெங்காயமும் கொத்தமல்லியும், ஒரு கரண்டி சல்சா, ஒரு பிழி எலுமிச்சை. தெருக்கடைகளில் இவ்வளவுதான் இருக்கும். லெட்டூஸ், சீஸ், மயோனைஸ் எல்லாம் குவித்தால் மக்காச்சோளத்தின் மணம் காணாமல் போகும்.

சிவப்புச் சோறு அடிக்கடி பக்கத்தில் வைப்பது. ஒரு கப் நீள அரிசியைக் கழுவி, 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்து, 3 மேசைக்கரண்டி எண்ணெயில் பொன்னிறமாகும்வரை 7, 8 நிமிடம் வறுங்கள். இந்த வறுவல்தான் சோற்றை உதிரியாக வைக்கும். 2 தக்காளி, கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு அரைத்து ஊற்றி, பச்சை வாசனை போனதும் ஒன்றரைக் கப் தண்ணீர் அல்லது கோழி வேகவைத்த தண்ணீர், உப்பு, கொஞ்சம் கேரட், பட்டாணி. கொதித்ததும் மூடி, சிறுதீயில் 15 நிமிடம். அணைத்த பின் 10 நிமிடம் திறக்காதீர்கள். பட்டை, ஏலக்காய் போட்டால் அது தக்காளி பிரியாணி.

குவாக்கமோலேவுக்கு வெண்ணெய்ப்பழம் பழுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் பெரிய பச்சை வகைகளில் பல பழுத்தாலும் நிறம் மாறாது. அதனால் காம்புப் பக்கம் மெதுவாக அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, உப்பை முதலில் நசுக்கிவிட்டு, பழத்தைப் போட்டுக் கட்டி கட்டியாக மசித்து, எலுமிச்சை பிழியுங்கள். மயோனைஸ் சேர்க்கவே கூடாது. மிச்சம் இருந்தால் மேற்பரப்பில் ஒட்டும்படி பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள், காற்றுப் பட்டால் கருக்கும்.

குழந்தைகளுக்கு எஸ்கீத்தெஸ். வெண்ணெயில் ஸ்வீட் கார்ன் முத்துக்களைச் சற்றே கருக வதக்கி, கிண்ணத்தில் போட்டு, ஒரு கரண்டி மயோனைஸ் (இதில் மட்டும் சரி), உதிர்த்த பனீர், மிளகாய்த்தூள், எலுமிச்சை. குடிக்க ஆகுவா தெ தமரிந்தோ: ஸ்பானியர் காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்த நம் புளியைக் கரைத்து, சர்க்கரையும் நிறையத் தண்ணீரும் சேர்த்து வடிகட்டிக் குளிரவைப்பது. 100 கிராம் புளிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்று தொடங்கி, ருசிக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய டோர்ட்டியா

மறுநாள் விறைத்துப் போன மக்காச்சோள டோர்ட்டியாவைத் தூக்கிப் போடாதீர்கள். சிலாகிலெஸ் செய்ய அதுதான் வேண்டும், புதியது எண்ணெய் குடிக்கும். முக்கோணங்களாக வெட்டி, ஒரு மணி நேரம் காற்றாட வைத்து, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து எடுங்கள். அகலமான வாணலியில் ஒன்றரைக் கப் சமைத்த சல்சாவைக் கொதிக்கவிட்டு, பொரித்த துண்டுகளைப் போட்டு, எல்லாவற்றிலும் சல்சா படும்படி ஒரு நிமிடம் புரட்டுங்கள். தட்டில் போட்டு மேலே உதிர்த்த பனீர், புளிப்புக் க்ரீம், வெங்காய வளையம், ஒரு பொரித்த முட்டை. முட்டையை முன்னாலேயே பொரித்து வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லாரும் தட்டோடு உட்கார்ந்த பிறகுதான் துண்டுகளைச் சல்சாவில் போட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் ஊறிக் கூழாகிவிடும்.